டப்பா லாகருக்கு உடம்பும் மணமும்

வீட்டில் பீர் காய்ச்ச உரிமம் வேண்டும் என்ற விதியை பிரிட்டன் 1963-இல் எடுத்துவிட்டது. அதன்பின் அங்கே டப்பாவில் அடைத்த மால்ட் பாகு (முளைவிட்ட பார்லியிலிருந்து எடுக்கும் பாகு) பிரபலமானது. ஆஸ்திரேலியாவிலும் இதற்குப் பெரிய கூட்டம் உண்டு. அடிலெய்டு நகரத்து கூப்பர்ஸ் நிறுவனத்தின் லாகர் (குளிரில் நொதிக்கவிடும் பீர் வகை) டப்பா 1.7 கிலோ எடை. பாகை வாளியில் ஊற்றி, ஒரு கிலோ சர்க்கரை சேர்த்து, 23 லிட்டர் வரும்வரை தண்ணீர் விட்டு ஈஸ்ட்டைத் தூவினால் வேலை முடிந்தது. ஆனால் கிடைக்கும் பீர் பெரும்பாலும் சப்பென்று, மணமில்லாமல் இருக்கும். பலரும் டப்பாவைத்தான் குறை சொல்கிறார்கள். என் கணிப்பில் முதல் குற்றவாளி அந்த ஒரு கிலோ சர்க்கரை.

அந்த பீரில் ஆல்கஹால் சுமார் 4.5 சதவீதம். அதில் கிட்டத்தட்ட பாதி சர்க்கரையிலிருந்து வருவது. சர்க்கரையை ஈஸ்ட் குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் உடைத்து மிச்சமின்றித் தின்றுவிடும். ஆல்கஹால் ஏறும், வேறெதுவும் நிற்காது.

மால்ட் அப்படியில்லை. முளைவிட்ட பார்லியை வெந்நீரில் ஊறவைக்கும்போது, அதன் நொதிகள் மாவுச்சத்துச் சங்கிலியைப் பல நீளங்களில் வெட்டுகின்றன. இரண்டு குளுக்கோஸ் சேர்ந்த மால்டோஸையும், மூன்று சேர்ந்த மால்டோட்ரையோஸையும் ஈஸ்ட் தின்னும். நான்கும் அதற்கு மேலும் உள்ள துண்டுகளை அதனால் உள்ளே இழுக்க முடியாது. டெக்ஸ்ட்ரின் எனப்படும் இந்த மிச்சம்தான் வாயில் ஒரு கனத்தை, அதாவது பீரின் ‘உடம்பை’த் தருகிறது. கூடவே வரும் புரதம் நுரையைப் பிடித்து நிறுத்துகிறது. ஈஸ்ட் நன்றாக வளரத் தேவையான அமினோ அமிலங்களும் மால்ட்டில் உண்டு, சர்க்கரையில் துளியும் இல்லை.

ஆகவே அந்தச் சர்க்கரைக்குப் பதில் ஒரு கிலோ வெளிர் மால்ட் தூள் போட்டாலே பாதி வேலை முடிந்துவிடும். திரவத்தின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரில் (தண்ணீருக்கு 1.000) வித்தியாசம் நேராகத் தெரியும். இரண்டும் 1.038-ஐ ஒட்டித்தான் தொடங்கும். சர்க்கரை சேர்த்தது 1.005 அளவுக்கு இறங்கும், மால்ட் சேர்த்தது 1.010 பக்கத்தில் நின்றுவிடும். நொதிப்பு அடைபட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். இரண்டு மூன்று நாள் அளவு மாறாமல் இருந்தால் பாட்டிலில் அடைக்கலாம்.

அடுத்தது ஹாப்ஸ், பீருக்குக் கசப்பும் மணமும் தரும் கொடி. அதன் பூவில் உள்ள ஆல்ஃபா அமிலங்கள் கொதிக்கக் கொதிக்க உருமாறி, பீரில் கரையும் கசப்பாகின்றன. மணம் தருவதோ எளிதில் ஆவியாகும் எண்ணெய்கள். நீண்ட நேரம் கொதித்தால் கசப்பு ஏறும், மணம் பறந்துவிடும். டப்பா பாகில் கசப்பு ஏற்கெனவே இருக்கிறது. போதாதது மணம்தான். ரசத்தை இறக்கும்போது கொத்தமல்லி போடுவதுபோல, ஹாப்ஸையும் கடைசியில் போட வேண்டும்.

இரண்டரை லிட்டர் தண்ணீரில் 250 கிராம் மால்ட் தூளைக் கரைத்துக் கொதிக்கவிடுங்கள். அதில் செக் நாட்டு ஸாட்ஸ் ஹாப்ஸ் 25 கிராம் போட்டுப் பத்து நிமிடத்தில் அடுப்பை அணையுங்கள். வெறும் தண்ணீரில் கொதிக்கவிட்டால் துவர்ப்பு அதிகம் இறங்கும். மால்ட் கரைசலின் லேசான அமிலத்தன்மை அதைக் குறைக்கும். வடிகட்டி வாளியில் சேர்த்த பிறகுதான் டப்பா பாகையும் மீதி மால்ட்டையும் கலக்க வேண்டும். பாகைக் கொதிக்கவைத்தால் நிறம் கறுக்கும்.

அப்புறம் ஈஸ்ட். லாகர் என்று எழுதியிருந்தாலும், பல டப்பாக்களின் மூடிக்கடியில் இருப்பது அறை வெப்பத்தில் வேலை செய்யும், ஏல் எனும் பீர் வகைக்கான ஈஸ்ட்தான். உண்மையான லாகர் ஈஸ்ட்டுக்கு 12 டிகிரி செல்சியஸ் அளவு குளிர் வேண்டும். பழைய குளிர்சாதனப் பெட்டி இருந்தால் முயலலாம். இல்லையென்றால் ஏல் ஈஸ்ட்டையே 18 டிகிரியில் வைப்பது நல்லது. 25-க்கு மேல் போனால் பழவாடை தூக்கலாக வரும்.

அடைப்பதற்குப் பழுப்பு பாட்டிலே சரி. ஹாப்ஸின் கசப்புச் சேர்மங்கள் வெளிச்சம் பட்டால் உடைந்து, கந்தகம் கலந்த துர்நாற்றம் தரும். பச்சை, நிறமற்ற பாட்டில்கள் அந்த வெளிச்சத்தைப் போதிய அளவு தடுப்பதில்லை.