டேப் டீச்சருக்கு, பலன் பிள்ளைக்கு

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போகும்போதெல்லாம் யாராவது ஒரு அம்மா என்னிடம் கேட்டுவிடுகிறார்: "டேப் கொடுக்கிறாங்களாமே, எங்க பொண்ணுக்கு எப்பங்க வரும்?" பேப்பரில் பார்த்த செய்தி அப்படித்தான் மனதில் பதிந்திருக்கிறது. அந்த டேப் பிள்ளைகளுக்கு அல்ல. அரசுத் தொடக்கப் பள்ளி, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களுக்காகத் தமிழ்நாடு அரசு வாங்கியது. 79,723 டேப்கள், மொத்தச் செலவு ரூ.101.48 கோடி. 2024-இல் கொடுக்கத் தொடங்கினார்கள். அரசாணையிலும் அறிவிப்பிலும் 'கையடக்கக் கணினி' என்று இருக்கும், குழம்ப வேண்டாம்.

அப்படியானால் நமக்கு அதில் என்ன என்று விட்டுவிடக் கூடாது. அந்த டேப்பில் உங்கள் பிள்ளையின் பெயர் இருக்கிறது. பெயருக்கு எதிரே, அந்தப் பிள்ளை எழுத்துக் கூட்டிப் படிக்கிறதா, கடன் வாங்கிக் கழிக்கத் தெரிகிறதா என்பது பதிவாகிறது. பெற்றோர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது அதைத்தான்.

இது எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். கொரோனாவில் 2020 மார்ச் மாதம் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தன. ஒன்றாம் வகுப்புப் பெஞ்சில் உட்காராமலே மூன்றாம் வகுப்புக்கு வந்து நின்ற பிள்ளைகள் ஏராளம். அந்த இடைவெளியை அடைக்க 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கியது. முதலில் 1 முதல் 3 வரை, அடுத்த ஆண்டில் 4, 5 வகுப்புகளுக்கும். ஆடிப் பாடி, கதை சொல்லி, அட்டைகளை வைத்து விளையாடிக் கற்பதுதான் அதன் முறை. இதில் பிள்ளைகளை வகுப்பை வைத்துப் பார்ப்பதில்லை, கற்றிருக்கும் நிலையை வைத்துப் பார்க்கிறார்கள். அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகள். மூன்றாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை எழுத்தே இன்னும் பிடிபடாமல் இருந்தால் அது அரும்பு. அதற்கான பயிற்சியை அந்தப் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும், மூன்றாம் வகுப்புப் பாடத்தை அதன் தலையில் கட்டக் கூடாது. தொடக்கக் கல்வியில் இதைவிட நல்ல யோசனை வந்ததாக எனக்குத் தெரியவில்லை.

யார் எந்த நிலை என்று சோதித்துப் பதிவு செய்வதற்குத்தான் ஆசிரியர்களுக்கு ஒரு செயலி கொடுத்தார்கள். தொடக்கத்தில் ஆசிரியர்கள் சொந்த செல்போனில், சொந்தக் காசு நெட்டில் இந்த வேலையைச் செய்தார்கள். ஒரு மழை நாளில் வகுப்பு வாசலில் நின்று பார்த்தேன். டீச்சர் தன் போனை ஒரு பையன் முன்னால் நீட்டுகிறார். திரையில் ஒரு படம், கீழே சில சொற்கள். பையன் 'மரம்' என்பதைத் தொட விரலைக் கொண்டுபோகிறான், திரை உறைந்துவிடுகிறது. டீச்சர் ஜன்னல் ஓரம் போய் போனைத் தூக்கிப் பிடித்து சிக்னல் தேடுகிறார். பின்னால் இருபது பிள்ளைகள் சத்தம். திரும்பி வந்து முதலிலிருந்து கேட்க, பையன் பயந்துபோய் வேறு சொல்லைத் தொட்டுவிட்டான். அவனுக்கு மரம் தெரியும். அன்று பதிவானது தெரியாது என்று. ஆசிரியர்கள் "பாடம் நடத்தவா, பதிவேற்றவா?" என்று குரல் எழுப்பியதில் முழு நியாயம் இருக்கிறது. டேப் வந்ததில் சொந்தப் போன் பிரச்சினை ஓரளவு தீர்ந்தது. நேரப் பிரச்சினை டேப்பால் தீர்கிற ஒன்றல்ல.

அதனால் நீங்கள் டீச்சரைப் பார்க்கும்போது "எம் பிள்ளை நல்லா படிக்குதா?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். "தமிழ்ல எந்த நிலைங்க? கணக்குல எந்த நிலை? போன பருவத்துக்கு இப்ப ஏறியிருக்கா?" என்று கேளுங்கள். டேப்பைப் பார்த்தே சொல்லலாம். சொன்னதை வீட்டில் சரிபார்க்கவும் வழி உண்டு: பிள்ளையின் பயிற்சி நூலைத் திறந்து ஒரு பக்கத்தை வாசிக்கச் சொல்லுங்கள். பதிவும் வாசிப்பும் ஒத்துப்போகவில்லை என்றால், மறுநாளே டீச்சரிடம் போய்ச் சொல்வதில் தவறே இல்லை.

அடுத்த கேள்வி, "அப்ப பிள்ளைக்கு நாம ஒரு போனோ டேப்போ வாங்கித் தரணுமா?" வேண்டாம். அரசுப் பள்ளியில் பாடநூலும் பயிற்சி நூலும் விலையில்லாமல் வருகின்றன. வகுப்பில் காணொலி காட்டத் திறன்மிகு வகுப்பறைகள் அமைத்திருக்கிறார்கள். ரூ.455.32 கோடியில் 22,931 வகுப்பறைகளுக்கான திட்டம் அது. கடன் வாங்கி போன் வாங்கிய ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். படிப்புக்கென்று வாங்கிய போனில் பிள்ளை ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டில் ஏற்கெனவே போன் இருந்தால் இரண்டு வழிகள் உண்டு, இரண்டும் இலவசம். ஒன்று மணற்கேணி செயலி. மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் 2023 ஜூலையில் வெளியிட்டது. பாடநூலில் உள்ளதைச் சின்னச் சின்னப் பகுதிகளாகப் பிரித்து, அசையும் படங்களோடு தமிழிலும் ஆங்கிலத்திலும் விளக்குகிறார்கள். இன்னொன்று பாடநூலிலேயே இருக்கிறது: பாடத்தை ஒட்டி அச்சாகியிருக்கும் கறுப்புக் கட்டம், க்யூஆர் கோடு. மத்திய அரசின் கல்விச் செயலியான தீக்ஷாவில் அதை ஸ்கேன் செய்தால் அந்தப் பாடத்துக்கான காணொலி திறக்கும். ஊரில் நெட் சரியில்லை என்றால், கிடைக்கும் இடத்தில் பதிவிறக்கி வைத்துக்கொண்டு வீட்டில் போட்டுக் காட்டலாம். எவ்வளவு நேரம் காட்டலாம் என்பதற்கு, ஆன்லைன் வகுப்புக்காக 2020-இல் மத்தியக் கல்வி அமைச்சகம் சொன்னதை வைத்துக்கொள்ளலாம்: எட்டாம் வகுப்பு வரை நாளொன்றுக்கு அதிகபட்சம் இரண்டு அமர்வு, ஒவ்வொன்றும் 30 முதல் 45 நிமிடம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அதுவும் அதிகம் என்பது என் எண்ணம். பக்கத்தில் உட்கார்ந்து, நிறுத்தி, "இப்ப என்ன சொன்னாங்க?" என்று கேட்டால் பத்து நிமிடமே போதும்.

தனியார் நிறுவனங்களின் கற்றல் செயலிகளில் கவனம் தேவை. நிறுவும்போது பிள்ளையின் பெயர், வயது, போன் எண் எல்லாம் கேட்கும். 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயது நிரம்பாதவர்களின் தரவை எடுக்கப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். அவர்களைக் கண்காணிப்பதும், குறிவைத்து விளம்பரம் காட்டுவதும் கூடாது. கற்பித்தலுக்கும் பாதுகாப்புக்கும் வேண்டிய அளவில் பள்ளிகளுக்கு விலக்கு உண்டு. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியமான பிரிவுகள் அதிலிருந்து 18 மாதம் கழித்தே நடைமுறைக்கு வரும். அதுவரை காவல் நாம்தான். கேட்கிற விவரம் பாடத்துக்குத் தேவையா என்று பார்த்துவிட்டு 'அனுமதி'யை அழுத்துங்கள்.

பள்ளியில் டேப் பழுதாகி பீரோவில் கிடக்கிறது, ஸ்மார்ட் போர்டு இருந்தும் போடுவதில்லை என்றால் கேட்க உங்களுக்கு இடம் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான். பாதிப் பேர் பெண்கள். நம் மாநிலத்தில் தலைவரும் பெற்றோரில் ஒருவரே. கூட்டத்தில் வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். தீர்மானமாக எழுதச் சொல்லி, எழுதியதை வாசித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். தலைமையாசிரியரிடமும் நகரவில்லை என்றால் வட்டாரக் கல்வி அலுவலர். யாரைக் கேட்பது என்றே தெரியாவிட்டால் பள்ளிக் கல்வித் துறை உதவி எண் 14417. போன் செய்யும்போது பள்ளியின் பெயர், ஒன்றியம், தீர்மானம் போட்ட தேதி மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.