பத்து சென்டிமீட்டர் இடைவெளியும் ஒரு காட்டாறும்

"கம்பிகளுக்கு நடுவே இடைவெளி விட்டுத்தானே எல்லைச் சுவர் கட்டுகிறார்கள்? பிறகு வெள்ளம் எப்படித் தேங்கும்?" அமெரிக்க–மெக்சிகோ எல்லைச் சுவர் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் வாசகர்கள் கேட்கும் கேள்வி. நியாயமான கேள்விதான். கட்டியவர்களும் இதே நம்பிக்கையில்தான் இருந்தார்கள்.

முதலில் அமைப்பு. 2017-க்குப் பிறகு எழுந்த பகுதிகளில் பெரும்பாலும் 6 அங்குலச் சதுர எஃகுக் குழாய்கள், உள்ளே காங்கிரீட். உயரம் 18 முதல் 30 அடி. உச்சியில் ஏறுபவருக்குப் பிடிமானம் கிடைக்காதபடி வழவழப்பான தகடு. இரண்டு தூண்களுக்கு நடுவே 4 அங்குலம், அதாவது 10 செ.மீ. காவலருக்கு மறுபக்கம் தெரிய வேண்டும், ஆள் நுழையக் கூடாது. அதற்காகத்தான் இந்த அளவு. 6 அங்குலம் அடைப்பு, 4 அங்குலம் திறப்பு என்றால் சுவரில் 40 விழுக்காடு வெளி. வெறும் தண்ணீர் வந்தால் பெரும்பாலும் போய்விடும்.

பாலைவன ஓடையில் வெறும் தண்ணீர் வருவதில்லை. எல்லையின் இருபுறமும் பரந்த சொனோரா பாலையின் ஓடைகள் ஆண்டின் பெரும்பகுதி காய்ந்த மணல். கோடை மழை ஒரு மணி நேரம் கொட்டினால், மாதக்கணக்கில் கரையில் சேர்ந்த சருகும் புல்லும் முள்சுள்ளியும் முறிந்த கிளையும் முதல் அலையிலேயே மிதந்து வந்துவிடும். ஒரு மீட்டர் நீளக் கிளை குறுக்காக வந்து தூண்களில் அண்டி நின்றால் போதும். அதில் சுள்ளி சிக்கும், சுள்ளியில் புல் சிக்கும், புல்லில் சருகு ஒட்டும், கடைசியில் சேறு எல்லாவற்றையும் பூசி அடைக்கும். பெரியது சிறியதைப் பிடிக்க, சிறியது அதனினும் சிறியதைப் பிடிக்கிறது. துளை அடைபட அடைபட மேல்பக்கம் நீர்மட்டம் ஏறும். ஏறிய நீரின் அழுத்தம் கூளத்தைத் தூணோடு சேர்த்து இன்னும் இறுக்கும். வெள்ளம் வடியாதவரை இந்த அடைப்பு தானாக உதிராது. வேலியாகக் கட்டிய ஒன்று வெள்ளத்தின் நடுவே அணையாக மாறிவிடுகிறது.

இனி கணக்கு. தேங்கிய நீரின் தள்ளுவிசை ஆழத்தின் வர்க்கத்தோடு ஏறும். ஒரு பக்கம் 1 மீட்டர் நீர் நின்றால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்திலும் சுமார் அரை டன் எடைக்கு ஈடான விசை. 2 மீட்டர் நின்றால் 2 டன். சுவரைக் கவிழ்க்கப் பார்க்கும் திருப்புவிசையோ ஆழத்தின் கனத்தை, அதாவது மூன்றாம் அடுக்கைப் பொறுத்தது. ஆழம் இரட்டிப்பானால் அது 8 மடங்கு. கூடவே, 2 மீட்டர் மட்ட வேறுபாட்டில் மிச்சமிருக்கும் இடுக்குகளில் பீறிடும் நீர் நொடிக்கு 6 மீட்டர் வேகத்தை எட்டும். அந்த வேகம் அஸ்திவாரத்தின் அடிமண்ணைக் குடைந்து எடுக்கும். மேல்பக்கத்தில் வேகம் இழந்த நீர் வண்டலை இறக்கிப் படுகையை உயர்த்த, கீழ்ப்பக்கத்தில் படுகை பள்ளமாகும். போக வழியில்லாத மிச்ச நீர் சுவரை ஒட்டியே பக்கவாட்டில் ஓடி, ஓடையே இல்லாத இடத்தில் புது ஓடை வெட்டும்.

2008 ஜூலை 12 அன்று அரிசோனாவின் ஆர்கன் பைப் கள்ளி தேசிய நினைவுப் பகுதியில் நடந்தது இதுதான். பெய்தது ஒன்று முதல் இரண்டு அங்குல மழை. வலைப் பின்னலுடன் புதிதாக எழுந்த 5.2 மைல் வேலியில் கூளம் அடைத்து, 2 முதல் 7 அடி ஆழத்துக்கு நீர் தேங்கியது. நீரோட்டத்துக்குத் தடை இருக்காது என்று கட்டுமானத்துக்கு முன்பு உறுதி சொல்லியிருந்தார்கள். 2011 ஆகஸ்டில் அதே வேலியில் சுமார் 40 அடி வெள்ளத்தில் சாய்ந்தது.

பொறியாளர்களின் மாற்று வழி மதகு. ஓடை குறுக்கிடும் இடங்களில் கீலில் சுழலும் கதவுகள். பருவமழைக்கு முன் ஆள் போய்த் திறந்துவைக்க வேண்டும். அரிசோனாவில் அந்தப் பருவம் ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை. திறந்தால் மனிதருக்கும் வழி, மூடினால் வெள்ளத்துக்குத் தடை. 2021 ஆகஸ்டில் டக்ளஸ் நகருக்கு அருகே வெள்ளம் மதகுக் கதவுகளைக் கீலோடு பிடுங்கிப் போட்டது.

அதே 10 செ.மீ. விலங்குகளையும் சல்லடைபோல் சலித்துப் பிரிக்கிறது. பல்லி, எலி கடக்கும். மான், கரடி, சிறுத்தை இனத்து ஜாகுவார் கடக்காது. பறவையென்றால் கவலை இல்லை என்று நினைக்க வேண்டாம்: இங்கு வாழும் செம்பழுப்புக் குட்டி ஆந்தை சராசரியாகத் தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில்தான் பறக்கிறது. அமெரிக்கப் பக்கத்துச் சொனோரா கவைக்கொம்பு மான்கள் 2002 வறட்சியில் 21 ஆகச் சுருங்கின. இப்படிப்பட்ட சிறு கூட்டத்துக்குத் தண்ணீர் தேடி நகரவும், வெளியிலிருந்து புது மரபணு வந்து சேரவும் வழி திறந்திருப்பது உயிர்ப் பிரச்சினை. சுவரின் அடியில் சில இடங்களில் ஏ4 தாள் அளவுக்குத் துளை விட்டிருக்கிறார்கள். காட்டுப்பன்றி போன்ற பெக்கரிக்கும் ஓநாய் இனத்துக் கயோட்டிக்கும் அது உதவும், மானுக்கு உதவாது.

பாதுகாப்புத் தரப்பின் வாதத்தையும் சரியாக எடைபோட வேண்டும். சுவர் யாரையும் நிரந்தரமாகத் தடுப்பதில்லை. சில நிமிடம் தாமதிக்கவைக்கிறது. எல்லை நகரத்தில் அந்த நிமிடங்கள் பொன்னானவை, ஏனென்றால் தாண்டியவர் அடுத்த தெருக் கூட்டத்தில் கலந்துவிடுவார். ஆனால் சாலைக்கு நாள்கணக்கில் நடக்க வேண்டிய பாலையில் அதே நிமிடங்களால் கிடைப்பது மிகச் சொற்பம். மேலும் மனிதரிடம் ரம்பம் இருக்கிறது, ஏணி இருக்கிறது. 2010 முதல் 2015 வரையிலான நிதியாண்டுகளில் ஆள் தடுக்கும் வேலிகளில் 9,287 உடைப்புகள் பதிவாயின. ஒன்றை அடைக்கச் சராசரிச் செலவு 784 டாலர். கருவி இல்லாத உயிர்களைத்தான் இந்தச் சுவர் முழுமையாகத் தடுக்கிறது. எனவே ஓடைப் படுகைகளிலும் விலங்குத் தடங்களிலும் வாகனத்தை மட்டும் மறிக்கும் தாழ்வான பெருக்கல்குறி வடிவத் தடுப்பும், கண்காணிப்புக் கோபுரமும், உணரிகளும் போதும் என்பதே என் முடிவு. அந்தத் தடுப்பின் அடியில் மான் நுழையும், கூளமும் பெருமளவு போகும்.

என்னைக் கோபப்படுத்துவது வேறொன்று. 2005-இல் நிறைவேறிய ஒரு சட்டம், எல்லைத் தடுப்புகளுக்காகச் சூழல் சட்டங்களையே ஒதுக்கிவைக்கும் அதிகாரத்தை உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைச் செயலரிடம் கொடுத்துவிட்டது. சூழல் தாக்க மதிப்பீடு, அருகிவரும் உயிரினப் பாதுகாப்பு, நீர்த் தூய்மை என்று பல சட்டங்கள் அப்படி ஒதுக்கப்பட்டன. அதனால் பல இடங்களில் சுவருக்கு முந்தைய நிலை முறையாக அளக்கப்படவே இல்லை. ஓடையின் குறுக்குவெட்டு, வண்டல் அளவு, கேமராவில் பதிவாகும் விலங்கு நடமாட்டம் ஆகிய மூன்றையும் ஓரிரு மழைக்காலம் பதிவுசெய்ய ஆகும் செலவு, கட்டுமானச் செலவுக்கு முன் மிகச் சிறியது. அதை ஒப்பந்தத்திலேயே சேர்த்து, முதல் தூண் நடும் முன்பே ஆய்வாளர்களிடம் கொடுத்துவிட வேண்டும்.