பூடுவார்: முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள ஓர் அறை

"அக்கா, பூடுவாருக்குத் தமிழ்ல என்ன?"

சிங்கப்பூர்த் தேக்கா நிலையத்து உணவங்காடியில் தே ஹாலியாவுக்கு, அதாவது இஞ்சித் தேநீருக்கு, சொல்லிவிட்டு உட்கார்ந்ததும் வந்த கேள்வி. கேட்டவள் படம் எடுப்பவள். கல்யாணம், வளைகாப்பு, காதுகுத்து என்று பத்து வருடமாக எடுத்துவிட்டு, இப்போது பெண்களுக்குப் பெண்ணே எடுக்கும் பூடுவார் படங்களில் இறங்கியிருக்கிறாள். ஜூன் விடுமுறைக்கு ஒரு துண்டறிக்கை போட வேண்டுமாம். ஆங்கிலத்தில் எழுதிக் கணினியிடம் கொடுத்தாள். அது 'கோடைக்கால வெளிப்புறப் படுக்கையறைப் புகைப்படம்' என்று திருப்பிக் கொடுத்துவிட்டது.

"இதை அச்சடிச்சா என் மாமியார் என்னை வீட்டுக்குள்ள விடுவாங்களா?"

மாமியாரை விடுங்கள். அந்த வரியில் சொல்லுக்குச் சொல் தகராறு. கோடை என்பது இந்த ஊரில் கிடையாது. படுக்கையறை தப்பு. அறை என்று சொன்ன பிறகு வெளிப்புறம் எங்கிருந்து வந்தது? (புகைப்படமா ஒளிப்படமா என்ற பழைய சண்டைக்கு நான் வரவில்லை. 'படம்' என்றே எழுதிவிட்டுப் போகிறேன்.)

முதலில் பொருளைப் பார்ப்போம். ஒரு பெண் தனக்குப் பிடித்த விதமாக, மெல்லிய உடையிலோ குறைந்த உடையிலோ, மென்மையான வெளிச்சத்தில், தனிமையில் எடுத்துக்கொள்ளும் படங்களுக்குத்தான் இன்று இந்தப் பெயர் வழங்குகிறது. உடையே இல்லாமல் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. ஈரக் கூந்தலும் ஒற்றைச் சுங்குடிப் புடவையும் போதும் என்று வருகிறவர்கள் உண்டு. கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளைக்குப் பரிசாகக் கொடுக்க எடுத்தது ஒரு காலம். இப்போது நாற்பதாவது பிறந்தநாளுக்கு, பிள்ளை பெற்ற உடம்போடு சமாதானமாவதற்கு, சும்மா தனக்கே தனக்கென்று எடுத்துக்கொள்கிறார்கள்.

சொல் பிரெஞ்சுக்காரர்களுடையது. அவர்கள் வாயில் அது 'பூத்வார்'. ஆங்கிலத்தில் 'பூட்வார்' ஆகி, நம் வாயில் ஓர் உகரம் சேர்ந்து 'பூடுவார்' ஆயிற்று. அடிச்சொல் 'பூதே'. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளுதல், உதட்டைப் பிதுக்குதல், உம்மென்று இருத்தல் என்று பொருள். அதை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், உதடு தானாக முன்னே வரும். உதட்டின் அந்த அசைவிலிருந்தே சொல் பிறந்திருக்கும் என்பார்கள்.

வால்பகுதியான 'வார்' நமக்குப் புதிதல்ல. பிடோக் ரிசர்வார், மெக்ரிட்சி ரிசர்வார் என்று தினமும் சொல்கிறோமே, அதே வால்தான். பிரெஞ்சில் வினைச்சொல்லோடு அதை ஒட்டினால் அந்த வேலை நடக்கிற இடம் என்று பொருள் வரும். சேர்த்து வைக்கும் இடம் ரிசர்வார், தூங்கும் இடம் தோர்த்வார், கோபித்துக்கொண்டு போய் உட்காரும் இடம் பூத்வார். ரிசர்வாருக்கு நீர்த்தேக்கம் என்றால் இதற்குக் கோபத்தேக்கம் என்று வைக்கலாம்.

இந்த இடத்தில் நம்மவர் யாராவது எழுந்து நிற்பார். "பூடுவார் வேறொன்றுமில்லை, நம் ஊடுவார்தான். வெள்ளைக்காரன் 'ப' சேர்த்துக்கொண்டான்." கேட்க இனிப்பாக இருக்கிறது, பொருளும் அப்படியே பொருந்துகிறது. ஆனால் ஒலி ஒத்துப்போவதெல்லாம் உறவாகிவிடாது. 'ஊடுவார்' என்பதில் 'ஆர்' ஆளைக் குறிக்கும் விகுதி, பிரெஞ்சு வாலோ இடத்தைக் குறிப்பது. பிரெஞ்சு அறை பதினெட்டாம் நூற்றாண்டு மாளிகைகளில் பெருகிய அறை. ஊடல் சங்கத் திணைகளில் மருதத்துக்கு உரிப்பொருள். இரண்டும் எங்கேயும் கைகுலுக்கிக்கொண்டதாகத் தெரியவில்லை.

உறவில்லை என்று ஒதுக்கினாலும் ஒப்புமை சும்மா விடமாட்டேன் என்கிறது. அகப்பாட்டுகளில் ஊடல் எங்கே நடக்கிறது என்று பாருங்கள், வாசலில் நடக்கிறது. பரத்தையிடம் போய்விட்டு வந்த தலைவன் உள்ளே வரப் பார்க்கிறான். பாணனையும் தோழியையும் தூது அனுப்புகிறான். அந்தத் தூதர்களுக்குப் பெயரே 'வாயில்கள்'. தலைவி மறுத்தால் துறையின் பெயர் 'வாயில் மறுத்தல்'. கதவைத் திறப்பதா வேண்டாமா என்பது அவள் முடிவு, அந்தப் பாட்டுகளின் சுவை முழுக்க அதில்தான் இருக்கிறது. வள்ளுவரும் தம் கடைசி மூன்று அதிகாரங்களைப் புலவி, புலவி நுணுக்கம், ஊடலுவகை என்று இதற்கே கொடுத்துவிட்டார்.

கோபத்துக்கென்று கட்டிய அறையே நம் பக்கத்தில் இருந்திருக்கிறது. வால்மீகி ராமாயணத்தில் கைகேயி நகைகளைக் கழற்றி எறிந்துவிட்டுத் தரையில் போய்க் கிடந்த இடத்தின் பெயர் குரோதாகாரம். ஆகாரம் என்றால் இங்கே சாப்பாடல்ல, வீடு. அரண்மனை கட்டும்போதே இதற்கும் ஓர் அறை ஒதுக்கியிருக்கிறார்கள் என்றால் தசரதனின் நிலைமையை ஊகித்துக்கொள்ளுங்கள்.

பிரான்சுக்கே திரும்புவோம். பூத்வாரில் கோபம் மெல்ல ஆவியாகி, தனிமை தங்கிவிட்டது. படுக்கையறைக்குப் பக்கத்தில், பெண் தன் கடிதங்களைப் படிக்க, நெருங்கிய தோழியோடு பேச, அலங்கரித்துக்கொள்ள ஒரு சிறிய அறை. ராணி மரி அந்துவானெத்துக்கு 1786இல் ஃபோந்தென்புளோ அரண்மனையில் அப்படி ஓர் அறை அமைத்துக் கொடுத்தார்கள். வெர்சாயில் அவருடைய சிறு மாளிகையான பெத்தி திரியானோனில் இருந்தது இன்னும் விசேஷம். கீழ்த்தளத்திலிருந்து இயந்திரத்தால் கண்ணாடிகள் மேலெழும்பி வந்து சன்னல்களை மூடிவிடும். உள்ளே இருப்பவருக்குத் தன் முகம் தெரியும், வெளியே நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது. பூடுவாரை நான் யாருக்காவது விளக்க வேண்டுமென்றால் கட்டிலைக் காட்டமாட்டேன், அந்தக் கண்ணாடியைத்தான் காட்டுவேன்.

படக்கலைக்குள்ளும் இந்தச் சொல் ஒருமுறை வேறு வேலையாக வந்து போயிருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஸ்டூடியோக்களில் படத்தை ஒட்டித் தரும் அட்டைகளுக்கு அளவு வாரியாகப் பெயர் இருந்தது. அதில் ஏறக்குறைய 5¼ அங்குலத்துக்கு 8½ அங்குலம் உள்ள அட்டைக்குப் பெயர் 'பூடுவார் அட்டை'. மீசை வைத்த தாத்தாக்கள் கோட்டும் தொப்பியுமாக அதில் விறைத்து நிற்பார்கள். பிரெஞ்சுக்காரர்கள் விரல் நீள பிஸ்கட் ஒன்றையும் பூத்வார் என்கிறார்கள், அது தேநீரோடு போகும் சங்கதி.

சரி, தமிழில் என்ன வைப்பது?

'அந்தப்புரம்' பக்கத்தில் வருகிறது. வடமொழி 'அந்தர்' உள்ளே, 'புரம்' மாளிகை. 'அந்தப் புறம்' என்று றகரம் போட்டு எழுதுகிறவர்கள் அதை எதிர்ப்பக்கம் ஆக்கிவிடுகிறார்கள். சிக்கல் அதுவல்ல. அந்தப்புரம் ராஜாவுக்குச் சொந்தம். அங்கே கதவுக்கு வெளியே நிற்கும் காவலாளி அவன் ஆள். பழைய அகராதிகளில் தூங்கும் 'உவளகம்' (அதுவும் அந்தப்புரம்தான்) அழகான சொல், ஆனால் அதைத் துண்டறிக்கையில் போட்டால் கூடவே பொழிப்புரையும் அச்சடிக்க வேண்டும். 'பள்ளியறை' என்றால் கோயிலில் சுவாமியும் அம்பாளும் துயில்கொள்ளும் இடம். சிங்கப்பூர்ப் பிள்ளைகளிடம் சொன்னால் தொடக்கப்பள்ளி வகுப்பறை என்பார்கள்.

'அந்தரங்கப் படம்' என்று போடலாமே என்றாள். பொருள் சரிதான். ஆனால் அந்தச் சொல்லை நீதிமன்றச் செய்திகள் எடுத்துக்கொண்டுவிட்டன. ஒருவரின் சம்மதமில்லாமல் அவருடைய அந்தரங்கப் படத்தைப் பரப்புவதும், பரப்புவேன் என்று மிரட்டுவதும் இங்கே 2020 ஜனவரி 1 முதல் தனிக் குற்றம், ஐந்தாண்டு வரை சிறை. அந்த நாற்றம் ஒட்டிய சொல்லை வைத்து யாரைக் கூப்பிடுவது?

எனக்கு 'அகப்படம்' பிடித்திருந்தது. அகம் என்றால் வீடு, மனம், உள்ளே, காதல் இலக்கியம், எல்லாம் ஒரே சொல்லில் அடங்கும். உரக்கச் சொல்லிப் பார்த்தேன். பக்கத்து மேசையில் மீன்தலைக் கறி சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்து, "யாரும்மா அகப்பட்டது?" என்றார். போயிற்று. கடைசியில் 'அகவறை' என்ற இடத்தில் நின்றோம். உள்ளறை என்ற நேர்ப்பொருளும் உண்டு, அகத்திணை வாசனையும் கொஞ்சம் வீசும். 'அகவறைப் படம்'. கருவறை மாதிரி ஒலிக்கிறது என்றாள். இருந்தாலும் தப்பில்லை என்றேன். மேலே பெரிய எழுத்தில் பூடுவார், கீழே சின்ன எழுத்தில் அகவறைப் படம். புழங்கினால் நிற்கும், புழங்காவிட்டால் போகட்டும்.

அடுத்தது கோடை. சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு ஒன்றேகால் பாகைக்குச் சற்று வடக்கே கிடக்கிறது. ஜூனுக்கும் டிசம்பருக்கும் வித்தியாசம் மழையில்தான், வெயிலில் அல்ல. இங்கே பதிவான உச்ச வெப்பம் 37 டிகிரி. அது 1983 ஏப்ரலில் தெங்காவில் ஒருமுறை, 2023 மே மாதம் அங் மோ கியோவில் ஒருமுறை என்று விழுந்ததே தவிர ஜூனில் விழவில்லை. ஆனால் தமிழில் கோடைக்கு இன்னொரு பொருளும் இருக்கிறது. கிழக்கே கொண்டல், தெற்கே தென்றல், வடக்கே வாடை, மேற்கிலிருந்து வீசும் காற்று கோடை. ஜூன் முதல் செப்டம்பர் வரை விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து திடீரென்று கிளம்பி வந்து குடையைப் புரட்டிப்போடும் காற்று இருக்கிறதே, அதைக் கோடை என்றால் பிழையே இல்லை. ஆகவே காலைப் படப்பிடிப்பு வேண்டாம், மாலை வை என்று சொன்னேன். சொல்லாராய்ச்சி சோறு போடாது என்பார்கள், ஒரு நாள் வாடகையையாவது மிச்சப்படுத்தும்.

மாலையிலும் நேரம் குறைவு. 1982லிருந்து நம் கடிகாரம் சூரியனுக்கு ஒரு மணி நேரம் முந்தி ஓடுகிறது. உச்சிவெயில் பிற்பகல் ஒரு மணிக்கு, அப்போது கண்குழியில் கறுப்பாக நிழல் விழும். சூரியன் ஏழு மணியளவில் சட்டென்று இறங்கிவிடும், அந்தி என்று அதிக நேரம் தங்காது. ஐந்தரைக்கு ஆரம்பித்தால்தான் ஆறேகாலின் மஞ்சள் வெளிச்சம் கையில் கிடைக்கும். குளிர்சாதன அறையிலிருந்து கேமராவை நேராக வெளியே கொண்டுபோனால் லென்ஸ் வியர்த்துப் பால் மாதிரி ஆகிவிடும், அரை மணி நேரம் பையோடு வெளியில் வைக்க வேண்டும். இறுக்கமான பாவாடை நாடாவின் தடம் தோலில் மறைய இரண்டு மணி நேரமாவது ஆகும், அதனால் வருகிறவர் தளர்ந்த கவுனில் வரட்டும். கொசு மருந்து கட்டாயம். மீதி வெயிலை மட்டுப்படுத்த அவள் கண்டுபிடித்தது நல்ல யோசனை: அவளுடைய அப்பாவின் பழைய எட்டு முழ வேட்டி. இரண்டு மூங்கிலில் துணி கவ்விகளால் மாட்டி நடுவே பிடித்தால் வெளிச்சம் மோர் மாதிரி இறங்குகிறது. கரைப் பக்கத்தைக் கீழே விட வேண்டும், இல்லாவிட்டால் நெற்றியில் பச்சைக் கோடு விழும்.

வெளிப்புறம் என்ற சொல்தான் உண்மையான தலைவலி. பூங்காவில் வணிகத்துக்காகப் படம் எடுக்கத் தேசியப் பூங்காக் கழகத்திடம் அனுமதி கேட்க வேண்டும் என்பது சின்ன விஷயம். பெரிய விஷயம், பொது ஒழுங்கு பற்றிய பல்வகைக் குற்றச் சட்டத்தின் 27ஏ பிரிவு. பொது இடத்தில் ஆடையில்லாமல் நின்றால் 2,000 வெள்ளி வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கண்ணியத்தை உறுத்தும் அரைகுறை உடையும் அதில் அடங்கும். அதோடு, பிறர் பார்வைக்குத் தெரியும் தனியார் இடமும் கணக்கில் வரும். எதிர் புளோக்கின் பன்னிரண்டாவது மாடிக்குத் தெரிகிற உங்கள் பால்கனி, சட்டத்தின் கண்ணில் உங்கள் அறை அல்ல.

ஆக, திறந்த வெளியில் ஓர் அறையைக் கட்ட வேண்டும். அவளுக்குத் தெரிந்த ஒருவரின் தரைவீட்டுப் பின்கட்டைப் போய்ப் பார்த்தோம். ஆளுயரச் சுவர், காகிதப்பூக் கொடி, ஒரு மாமரம். பெண் நிற்கப்போகிற இடத்தில் நான் நின்றேன். அங்கிருந்து எத்தனை சன்னல் தெரிகிறது என்று எண்ணச் சொன்னாள். தெரிகிற சன்னலுக்கெல்லாம் நாமும் தெரிவோம். மூன்று. இரண்டு அடி மரத்தடிக்கு நகர்ந்ததும் ஒன்று. அந்த ஒன்றை வேட்டி மறைத்தது. பெத்தி திரியானோனில் கண்ணாடி செய்த வேலையை இங்கே எட்டு முழ வேட்டி செய்கிறது என்றேன். "அது யாரு அக்கா?" என்றாள்.

ஒப்பந்தத்தையும் நானே தமிழில் எழுதிக் கொடுத்தேன். 2021 நவம்பர் 21இல் வந்த பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் படத்தின் உரிமை எடுத்தவருக்கே, காசு கொடுத்தவருக்கு அல்ல. இந்த வகைப் படத்தில் அதை அப்படியே விடுவது நியாயமில்லை. உரிமை முழுவதும் உங்களுக்கு, நீங்கள் எழுத்தில் சொல்லாமல் ஒரு படமும் வெளியே போகாது, கொடுத்த பிறகு என்னிடம் பிரதி இருக்காது என்று மூன்று வரி.

முதலில் வந்தவர் ஐம்பதை நெருங்கும் ஓர் அம்மா. துண்டறிக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அகவறை என்ற சொல்லுக்காக நான் காத்துக்கொண்டிருந்தேன். அவர் அதைத் தாண்டிக் கடைசி வரிக்குப் போய்விட்டார். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "அந்தப் பின்கதவுக்குத் தாழ்ப்பாள் உள்பக்கமா, வெளிப்பக்கமா?"