625 மாத்திரையில் அந்த 125 எதற்கு?

மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்த வாசகர் ஒருவரின் கேள்வி இது: “அமாக்ஸிசிலின் 500 மி.கி., கிளாவுலானிக் அமிலம் 125 மி.கி. என்று அச்சிட்டிருக்கிறது. கிருமியைக் கொல்வது அமாக்ஸிசிலின்தான் என்றால், கூட வரும் 125 என்ன செய்கிறது?” மருந்துக் கடையில் ‘625’ என்று எண்ணைச் சொன்னாலே எடுத்துத் தரும் அளவுக்குப் பழகிப்போன மாத்திரை அது. அந்த 125-ஐப் புரிந்துகொள்ள, பாக்டீரியாவின் செல்சுவரிலிருந்து தொடங்க வேண்டும்.

பாக்டீரியாவுக்குள் உட்கரு கிடையாது என்பது பள்ளிப் பாடம். குடலில் வாழும் ஈ. கோலை என்ற பாக்டீரியாவின் 2 மைக்ரான் நீள உடலுக்குள் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் நீள டி.என்.ஏ. மடிந்து சுருண்டு கிடக்கிறது. அதைச் சுற்றிப் புரதம் தயாரிக்கும் ரைபோசோம்கள் பல்லாயிரம். (சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 2009-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டது இந்த ரைபோசோமின் அமைப்பைக் கண்டறிந்ததற்காகத்தான்.) மீதி இடமெல்லாம் புரதமும் உப்பும் அமினோ அமிலமும் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. உள்ளே கரைசல் இவ்வளவு அடர்த்தியாக இருந்தால், சவ்வூடு பரவலால் வெளித் தண்ணீர் உள்ளே புகுந்துகொண்டே இருக்கும். ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் போன்றவற்றில் இந்த அழுத்தம் 20 வளிமண்டலம் வரை போகிறது. கார் டயரில் நாம் அடிக்கும் காற்று 2 வளிமண்டலத்தை ஒட்டித்தான் இருக்கும். கொழுப்பாலான மெல்லிய செல்சவ்வு இதைத் தாங்காது. தாங்குவது சுவர்.

செங்கல் சுவரை நினைக்க வேண்டாம், மீன் வலையை நினையுங்கள். நீளவாக்கு இழைகள் சர்க்கரையால் ஆனவை. என்-அசிட்டைல் குளுக்கோசமைன், என்-அசிட்டைல் முராமிக் அமிலம் என்ற இரண்டும் மாறி மாறிக் கோத்திருக்கும். முதலாவது இறால் ஓட்டிலும் உண்டு. இரண்டாவது பாக்டீரியாவுக்கே உரியது. அந்த இரண்டாவது சர்க்கரையிலிருந்து அமினோ அமிலங்களால் ஆன குட்டைக் கிளை ஒன்று நீள்கிறது. பக்கத்து இழையின் கிளையோடு அது முடிச்சுப் போட்டுக்கொள்ளும்போது வலை உருவாகிறது. இதற்குப் பெப்டிடோகிளைக்கான் என்று பெயர். சாயச் சோதனை ஒன்றை வைத்துப் பாக்டீரியாவை இரு வகையாகப் பிரிப்பார்கள். கிராம் பாசிட்டிவ் வகையில் இது பல அடுக்காக, 20 முதல் 80 நானோமீட்டர் தடிமனில் இருக்கும். கிராம் நெகட்டிவில் சில நானோமீட்டர்தான்; ஆனால் அதற்கு வெளியே இன்னொரு சவ்வு போர்த்தியிருக்கும்.

முடிச்சு விழும் விதத்தில்தான் விஷயமே இருக்கிறது. வலையின் ஒவ்வொரு துண்டும் செல்லுக்குள்ளேயே தயாராகிறது. 55 கார்பன் நீளமுள்ள ஒரு கொழுப்பு மூலக்கூறு அதைச் சுமக்க, மர்ஜே என்ற புரதம் சவ்வின் மறுபக்கம் புரட்டிவிடுகிறது. முடிச்சுப் போட வேண்டிய இடம் சவ்வுக்கு வெளியே. அங்கே ஏடிபி (செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறு) கிடையாது. வேதிப் பிணைப்பு உண்டாக்க ஆற்றல் வேண்டும். செல்லின் ஆற்றல் நாணயமோ உள்ளேயே தங்கிவிட்டது. என்ன செய்வது?

பாக்டீரியாவின் தீர்வு அபாரமானது. செல்லிலிருந்து புறப்படும் கிளையில் 5 அமினோ அமிலங்கள் இருக்கும். முடிச்சில் சேர்ந்த கிளையில் 4 மட்டுமே எஞ்சும். அந்த ஐந்தில் கடைசி இரண்டும் டி-அலனின். (நம் புரதங்களில் இருப்பவை எல் வகை, டி வகை அவற்றின் கண்ணாடிப் பிம்பம். புரதத்தை அறுக்கும் சாதாரண நொதிகளால் அதைப் பிடிக்க முடியாது.) நான்காவதையும் ஐந்தாவதையும் சேர்க்கும் பிணைப்பு, ஏடிபி கிடைக்கும் உள்பக்கத்திலேயே போடப்பட்டுவிடுகிறது. வழிச் செலவுக்கு மடியில் முடிந்து அனுப்பிய காசு அது. வெளியே காத்திருக்கும் டிரான்ஸ்பெப்டிடேஸ் நொதி, தன்னுடைய செரின் என்ற அமினோ அமிலத்தால் அந்தப் பிணைப்பைத் தாக்கி உடைக்கிறது. ஐந்தாவது டி-அலனின் கழன்று மிதந்து போய்விடும். நான்காவது சிறிது நேரம் நொதியோடு ஒட்டி நிற்கும். ஐந்தாவது விட்டுச் சென்ற காலி இடத்தில் பக்கத்துக் கிளையின் மூன்றாவது அமினோ அமிலம் நுழைந்து அந்த நான்காவதைப் பற்றிக்கொள்ளும். முடிச்சு விழுந்தது, நொதி அடுத்த வேலைக்குப் போகிறது.

பென்சிலினும் அதன் உறவான அமாக்ஸிசிலினும் இந்த இரட்டை டி-அலனினின் வடிவத்தை ஒத்தவை. 1965-இல் டிப்பரும் ஸ்ட்ரோமிங்கரும் முன்வைத்த விளக்கம் இது. இவற்றின் நடுவே பீட்டா-லாக்டம் என்ற நான்கு முனை வளையம் இருக்கிறது. இறுக்கி வளைத்த மூங்கில் பிளாச்சுபோல எப்போது விடுபடலாம் என்று காத்திருக்கும் வளையம். நொதி வழக்கம்போல் செரினால் தாக்குகிறது, வளையம் திறக்கிறது, மருந்து நொதியோடு ஒட்டிக்கொள்கிறது. ஆனால் டி-அலனினைப்போல இங்கே எதுவும் கழன்று போவதில்லை. உடைந்தது ஒரு வளையம் என்பதால் இரண்டு முனைகளும் ஒரே மூலக்கூறாகவே நிற்கின்றன. காலி இடம் உண்டாகவில்லை. பக்கத்துக் கிளை நுழைய வழியில்லை. நொதி மணிக்கணக்கில் முடங்கிக் கிடக்கிறது.

முடிச்சு நின்றதால் மட்டும் பாக்டீரியா சாவதில்லை. வளரும் செல்லுக்குப் பழைய வலையை அங்கங்கே அறுத்துப் புது இழை சேர்க்கும் வேலை ஓயாமல் நடக்கிறது. போடும் நொதி முடங்கினாலும் அறுக்கும் நொதி ஓய்வதில்லை. போதாக்குறைக்கு, முடிச்சு விழாத புது இழைகளைச் செல் கட்டுவதும் உடனே சிதைப்பதுமாக மூலப்பொருளை வீணடிப்பதை 2014-இல் பெர்ன்ஹார்ட் குழுவினர் ஈ. கோலையில் காட்டினார்கள். வலை நலிந்த இடத்தில் சவ்வு பிதுங்கி, வெடிக்கிறது. சுற்றியுள்ள நீரில் சர்க்கரையைக் கூட்டி அழுத்த வேறுபாட்டைக் குறைத்தால், அதே பாக்டீரியா சுவரில்லாமல் உருண்டையாகிப் பிழைத்திருக்கும். 1956-இல் லெடர்பெர்க் இதைச் செய்து காட்டினார். கொன்றது தண்ணீரின் அழுத்தம்தான். மருந்து வலையை மட்டுமே பலவீனப்படுத்தியது.

இதிலிருந்தே பல நடைமுறை விஷயங்கள் விளங்கும். வளராமல் உறங்கும் பாக்டீரியாவைப் பென்சிலின் தொடுவதில்லை. சுவரே இல்லாத மைக்கோபிளாஸ்மாவிடம் அது பலிக்காது. வைரஸுக்குச் செல்லே இல்லை. சளிக் காய்ச்சலுக்கு 625 விழுங்கினால் சாவது குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாதான். போன முறை மிச்சமான நான்கு மாத்திரையைப் பத்திரப்படுத்தி அடுத்த காய்ச்சலுக்குப் போடும் பழக்கத்தை நாம் விட்டே ஆக வேண்டும்.

இப்போது 125-க்கு வருவோம். பல பாக்டீரியாக்கள் பீட்டா-லாக்டமேஸ் என்ற நொதியை வைத்திருக்கின்றன. ஆபிரகாமும் செயினும் 1940-லேயே, பென்சிலின் பரவலாகப் பயன்பாட்டுக்கு வரும் முன்பே, இதைக் கண்டுவிட்டார்கள். இந்த வகையில் பெரும்பாலானவை சுவர் கட்டும் நொதியின் பங்காளிகள். அதே செரின் தாக்குதல்தான். வேறுபாடு ஒன்றே: ஒட்டிய மருந்தை ஒரு தண்ணீர் மூலக்கூறால் வெட்டி எறிந்துவிட்டு, அடுத்ததற்கு உடனே தயாராகிவிடும். திறமையானவை நொடிக்கு ஆயிரம் மூலக்கூறு வரை தீர்த்துக்கட்டும்.

கிளாவுலானிக் அமிலத்திலும் பீட்டா-லாக்டம் வளையம் உண்டு. கிருமியைக் கொல்லும் வலு அதற்கு மிகக் குறைவு. அது போய் மாட்டுவது பீட்டா-லாக்டமேஸின் செரினில். வளையம் திறந்ததும் உள்ளுக்குள்ளேயே அணுக்கள் இடம் மாறி, தண்ணீரால் எளிதில் வெட்ட முடியாத வடிவமாகிவிடுகிறது. எதிரியின் கத்தரி சிக்கிக்கொண்ட நேரத்தில் அமாக்ஸிசிலின் தன் வேலையைப் பார்க்கிறது. 375 மாத்திரையிலும் (250+125) கிளாவுலானிக் அளவு அதேதான். அதனால் 625 கிடைக்கவில்லை என்று 375-இல் இரண்டு போடக் கூடாது; கிளாவுலானிக் இரட்டிப்பாகி வயிற்றுப்போக்கு வர வாய்ப்பு கூடும்.

இந்தத் தந்திரத்துக்கும் எல்லை உண்டு. எம்ஆர்எஸ்ஏ (பென்சிலின் வகை மருந்துகளுக்குக் கட்டுப்படாத ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ்), மருந்து எளிதில் ஒட்டாத புதிய டிரான்ஸ்பெப்டிடேஸையே வைத்திருக்கிறது. என்டிஎம்-1 (நியூ டெல்லி மெட்டலோ-பீட்டா-லாக்டமேஸ்) என்ற நொதி செரினுக்குப் பதில் துத்தநாகத்தால் வேலை செய்வதால் கிளாவுலானிக் அமிலம் அதைச் சிக்கவைக்க முடியாது. சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளரும் பங்குபெற்ற 2010-ஆம் ஆண்டு ஆய்வு, சென்னை, ஹரியானா மாதிரிகளில் அது பரவியிருப்பதைக் காட்டியபோது, பெயரில் ‘நியூ டெல்லி’ இருப்பதைப் பற்றித்தான் பெரிதாகச் சண்டை நடந்தது. மறு ஆண்டு டெல்லியில் தேங்கிய நீர் மாதிரிகள் 171-இல் 51-இலும், குழாய்த் தண்ணீர் மாதிரிகள் 50-இல் 2-இலும் அந்த நொதிக்கான மரபணு கிடைத்தது. மருத்துவமனைக் கழிவுநீரைத் தொடர்ந்து சோதிக்கும் ஆய்வுக்கூடங்களுக்கு அரசு நிரந்தரமாகப் பணம் ஒதுக்க வேண்டும். மூன்றாண்டுத் திட்டம் முடிந்ததும் மூடிவிடும் கண்காணிப்பால் பயனில்லை.

குழந்தைகளுக்கான இதே மருந்து தூளாக வருவதற்கும் அந்த வளையமே காரணம். நொதி எதுவும் இல்லாவிட்டாலும் தண்ணீர் மெல்ல மெல்ல வளையத்தைத் திறந்துவிடும். கிளாவுலானிக் அமிலம் இன்னும் வேகமாகக் கெடும். அதனால் காய்ச்சி ஆறவைத்த நீரைப் பாட்டிலில் குறித்த கோடு வரை ஊற்றிக் குலுக்கி, குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, லேபிளில் உள்ளபடி 7 அல்லது 10 நாளில் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும்.