எல்லாவற்றையும் வயதின் தலையில் கட்டாதீர்கள்

"வயசாயிடுச்சுல்ல டாக்டர், மாடி ஏறினா மூச்சு வாங்கத்தானே செய்யும்?" அறுபதைத் தாண்டியவர்களிடம் நான் அதிகம் கேட்கும் பேச்சு இது. பல நேரம் அவர்கள் வாயைத் திறப்பதற்குள் அருகில் இருக்கும் மகனோ மகளோ சொல்லிவிடுகிறார்கள். இதில் பாதி உண்மை இருப்பதுதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. வயது இதயத்தையும் ரத்தக் குழாய்களையும் மாற்றத்தான் செய்கிறது. ஆனால் எது வயதின் மாற்றம், எது நோய் என்று பிரித்துப் பார்க்காமல் விட்டுவிடுவதால், குணப்படுத்தக்கூடிய கோளாறுகளோடு பலர் வருடக்கணக்கில் வீட்டில் முடங்கிக் கிடக்கிறார்கள்.

மூப்பு முதலில் கைவைப்பது ரத்தக் குழாய்களில். இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி ஒவ்வொரு துடிப்பிலும் வந்து விழும் ரத்தத்தை வாங்கிக்கொண்டு சற்றே விரியும். இதயம் ஓய்வெடுக்கும் நேரத்தில் மெல்லச் சுருங்கி அந்த ரத்தத்தை முன்னே அனுப்பும். இந்த நெகிழ்ச்சியைத் தருவது எலாஸ்டின் என்ற புரதம். உடல் இதைப் பெரும்பாலும் கருவிலும் குழந்தைப் பருவத்திலும்தான் உருவாக்குகிறது. அந்தக் கையிருப்பை வைத்தே ஆயுள் முழுக்க ஓட்ட வேண்டும். ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1 லட்சம் முறை விரிந்து சுருங்கும் சுவரில் எலாஸ்டின் இழைகள் மெல்ல மெல்ல அறுந்து துண்டாகின்றன. அந்த இடத்தை விறைப்பான கொலாஜென் என்ற புரதம் நிரப்புகிறது, கால்சியமும் படிகிறது. நாள்பட்ட ரப்பர் குழாயைப் போல் தமனி விறைத்துப் போகிறது. கொழுப்புப் படிந்து உண்டாகும் அடைப்பு வேறு, இது வேறு. ஆஞ்சியோகிராமில் அடைப்பே இல்லாதவருக்கும் தமனிகள் விறைத்திருக்கலாம்.

இந்த விறைப்பைப் பிரஷர் கருவி நமக்குக் காட்டிக்கொடுக்கும். சுமார் 50 வயது வரை மேல் அளவும் கீழ் அளவும் சேர்ந்தே ஏறும். அதற்குப் பிறகு மேல் அளவு ஏறிக்கொண்டே போக, கீழ் அளவு இறங்கத் தொடங்கும். 165/70 என்று வந்தால், "கீழே இருக்கிறது நல்லாத்தானே இருக்கு" என்று ஆறுதல் அடைபவர்கள் நிறைய. உண்மையில் இரண்டுக்கும் இடையே இவ்வளவு இடைவெளி இருப்பதே தமனி விறைத்துவிட்டதன் அடையாளம். இதயத் தசைக்குத் தேவையான ரத்தம் பெரும்பாலும் இதயம் ஓய்வெடுக்கும் கணத்தில்தான் கிடைக்கிறது. மேல் அளவு ஏறினால் இதயத்தின் வேலை கூடுகிறது. கீழ் அளவு இறங்கினால் அதற்குக் கிடைக்க வேண்டிய ரத்தம் குறையலாம். நெகிழ்ச்சியுள்ள தமனி தாங்கிக்கொள்ளும் அடியை, விறைத்த தமனி அப்படியே மூளையிலும் சிறுநீரகத்திலும் உள்ள நுண்ணிய குழாய்களுக்குக் கடத்திவிடுகிறது.

வயதோடு 100-ஐக் கூட்டினால் வருவதுதான் அவரவர்க்குச் சரியான பிரஷர் என்ற பழைய கணக்கை இன்றும் நம்புகிறார்கள். தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். மேல் அளவு மட்டும் உயர்ந்திருந்த, 60 வயதைக் கடந்தவர்களுக்கு மருந்து கொடுத்துப் பார்த்த ஷெப் என்ற ஆய்வு 1991-இல் வெளிவந்தது. பக்கவாதம் 36 சதவீதம் குறைந்தது. "எண்பது வயசுக்கு மேல எதுக்கு மாத்திரை?" என்ற கேள்விக்கு 2008-இல் ஹைவெட் ஆய்வு பதில் சொன்னது. 80 வயதைக் கடந்தவர்களின் பிரஷரை 150/80 என்ற இலக்கை நோக்கிக் குறைத்தபோது இதயச் செயலிழப்பு 64 சதவீதமும், மொத்த இறப்பு 21 சதவீதமும் குறைந்தன.

வயது கூடினால் பிரஷர் கூடித்தான் ஆக வேண்டும் என்பதும் இயற்கையின் விதி அல்ல. அமேசான் காடுகளில் வாழும் யானோமாமி பழங்குடியினரை இன்டர்சால்ட் ஆய்வு (1988) அளந்து பார்த்தது. உணவில் உப்பு ஏறக்குறைய இல்லாத அவர்களின் சராசரி பிரஷர் 95/61-ஐ ஒட்டியே இருந்தது. வயதோடு அது ஏறவில்லை. எல்லோரும் அவர்களைப் போல் வாழ முடியாது. ஆனால் வயதின் மேல் நாம் எழுதிவைக்கும் கணக்கில் உப்பு, உடல் எடை, அசையாமல் உட்கார்ந்திருப்பது ஆகியவற்றின் பங்கு பெரிது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, நாளுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பு. பாக்கெட் உணவுகளில் மறைந்திருக்கும் உப்பும் இதில் அடக்கம்.

இனி இதயம். எக்கோ எனும் இதய ஸ்கேன் அறிக்கையில் "பம்பிங் நார்மல்" என்று பார்த்ததும் நிம்மதிப் பெருமூச்சு விடுகிறார்கள். அந்த எண், இதயம் எவ்வளவு ரத்தத்தை வெளியே தள்ளுகிறது என்பதை மட்டும் சொல்கிறது. மூப்பு பெரும்பாலும் கெடுப்பது தள்ளும் வேலையை அல்ல, நிரம்பும் வேலையை. விறைத்த குழாய்க்கு எதிராகப் பல ஆண்டுகள் உழைத்த இடது கீழறையின் சுவர் தடிக்கிறது, தளர்ந்து கொடுக்கச் சோம்புகிறது. ரத்தம் எளிதாக உள்ளே இறங்க முடியாமல் அழுத்தம் பின்னோக்கி ஏறி நுரையீரலில் நீர் கோக்கிறது. பம்பிங் 60 சதவீதம் என்று அறிக்கையில் இருக்கும். அவரோ பத்துப் படி ஏறி நின்றுவிடுவார். இதயச் செயலிழப்பு உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இந்த வகைதான். வயதான பெண்கள், நீண்டகாலப் பிரஷர், சர்க்கரை, உடல் பருமன் உள்ளவர்கள் இதில் அதிகம். கால் வீங்குகிறது, படுத்தால் மூச்சு முட்டுகிறது, இரண்டு மூன்று நாளில் எடை மளமளவென்று ஏறுகிறது என்றால் பழைய எக்கோவைக் காட்டி மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டாம்.

கீழறை விறைக்கும்போது அதை நிரப்ப மேலறை கூடுதலாக உழைக்கிறது. உழைத்து உழைத்து விரிகிறது. விரிந்த மேலறையில் மின்துடிப்பு ஒழுங்கு தவறுவதுதான் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். வயது ஏற ஏற இது மிகச் சாதாரணமாகிறது. சிலருக்குப் படபடப்பு இருக்கும். பலருக்கு ஒன்றுமே தெரியாது. மேலறையில் தேங்கும் ரத்தம் கட்டியாகி மூளைக்குப் போனால் பக்கவாதம். இந்தத் துடிப்புக் கோளாறு அதன் ஆபத்தை ஏறத்தாழ ஐந்து மடங்கு ஆக்குகிறது. ரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரைகள் அந்த ஆபத்தில் பெரும்பகுதியைத் தடுக்கும் என்பதால் கண்டுபிடிப்பது அவ்வளவு முக்கியம். வீட்டில் உள்ள பெரியவர்களின் மணிக்கட்டில் விரல் வைத்து அவ்வப்போது ஒரு நிமிடம் நாடி பாருங்கள். துடிப்பு தாறுமாறாக இருந்தால் ஒரு ஈசிஜி எடுத்துவிடுங்கள்.

எழுந்து நின்றதும் தலை சுற்றுவதையும் வயதின் கணக்கில் எழுதிவிடுகிறோம். நிற்கும்போது ரத்தம் கால்களில் இறங்கும். உடனே குழாய்களைச் சுருக்கி இதயத்தை வேகப்படுத்தச் சொல்லும் அனிச்சைச் செயல் வயதாக ஆக மந்தமாகிறது. எழுந்து நின்ற 3 நிமிடத்துக்குள் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் அது கவனிக்க வேண்டிய குறை. விழுந்து இடுப்பெலும்பு முறிந்து வருபவர்களில் எத்தனை பேருக்கு அதற்கு முன் நிற்க வைத்துப் பிரஷர் பார்த்திருப்பார்கள் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது நிற்க வைத்தும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். தலைசுற்றலுக்குப் பயந்து பிரஷர் மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். புராஸ்டேட்டுக்கும் மன அழுத்தத்துக்கும் தரும் சில மருந்துகள்கூட இப்படிச் செய்யும். எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனால் எதைக் குறைக்கலாம் என்று பார்க்க முடியும். மூட்டுவலிக்கு மாதக்கணக்கில் விழுங்கும் வலி மாத்திரைகளையும் அந்தப் பையில் போடுங்கள். அவற்றில் பல, பிரஷரை ஏற்றி உடலில் நீரைத் தேக்கும்.

மாரடைப்பும் வயதானவர்களிடம் வேறு முகத்தோடு வரும். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வது எல்லோருக்கும் நடப்பதில்லை. திடீர் மூச்சுத்திணறல், காரணமில்லாத வியர்வை, வாந்தி, சட்டென்று வந்த அசதி, நேற்றுவரை தெளிவாகப் பேசியவரிடம் இன்று குழப்பம் என்று அது வரலாம். இத்தகைய மாற்றம் திடீரென்று வந்தால் காலை வரை காத்திருக்காமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு எனக்கு மிகவும் பிடித்த ஆய்வைச் சொல்லியாக வேண்டும். 1966-இல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் 20 வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே இருக்க வைத்தார்கள். உழைப்பின்போது ஆக்சிஜனைப் பயன்படுத்தும் அவர்களின் திறன் கால்பங்குக்கும் மேல் சரிந்தது. முப்பது ஆண்டுகள் கழித்து அதே ஐவரை மறுபடி சோதித்தார்கள். அந்த முப்பது ஆண்டு மூப்பு எடுத்துக்கொண்டதைவிட, இளமையில் மூன்று வாரப் படுக்கை பறித்தது அதிகம். பிறகு ஆறு மாதம் படிப்படியாகப் பயிற்சி கொடுத்தபோது, வயதால் இழந்த திறனை அவர்கள் மீட்டுக்கொண்டார்கள். ஐந்தே பேர்தான் என்றாலும், காய்ச்சலோ அறுவை சிகிச்சையோ முடிந்த பெரியவர்களை "நல்லா ரெஸ்ட் எடுங்க" என்று வாரக்கணக்கில் படுக்க வைக்கும் குடும்பங்களிடம் நான் இதைச் சொல்லாமல் இருப்பதில்லை.

எப்போது தொடங்குகிறோம் என்பதும் முக்கியம். 45-லிருந்து 64 வயதுக்குள் இருந்த, உடற்பயிற்சிப் பழக்கமே இல்லாதவர்கள் இரண்டு ஆண்டுகள் வாரத்தில் நான்கைந்து நாள் முறையாகப் பயிற்சி செய்தபோது இதயத்தின் விறைப்பே குறைந்ததை 2018-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. எழுபதில் தொடங்குபவருக்கு அந்த விறைப்பு அதே அளவு இளகும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். ஆனால் கால் தசை பலப்படும், பிரஷர் குறையும், மூச்சு வாங்குவது தள்ளிப்போகும்.

தொடங்கும் முன் ஒன்று. நடக்கும்போது நெஞ்சு இறுகினாலோ, மயக்கம் வந்தாலோ, புதிதாக மூச்சு வாங்கினாலோ முதலில் ஸ்டெதாஸ்கோப் வைத்து இதயத்தைக் கேட்கச் சொல்லுங்கள். வயதில் கால்சியம் படிந்து பெருந்தமனி வால்வு குறுகுவது சாதாரணம். அது கடுமையாக இருக்கும்போது கடும் பயிற்சி ஆபத்தாகலாம். முன்பு இதற்கு மார்பைத் திறந்துதான் வால்வு மாற்ற வேண்டும். பிரான்ஸில் அலைன் கிரிபியே 2002-இல் முதன்முதலாகக் குழாய் வழியாகவே வால்வைப் பொருத்திக் காட்டினார். அறுவை சிகிச்சையைத் தாங்க மாட்டார்கள் என்று கைவிடப்பட்ட எண்பது வயதுக்காரர்களுக்கும் இன்று தொடை ரத்தக் குழாய் வழியே அதைச் செய்ய முடிகிறது.