பொலிஸ், சிறைச்சாலை, நீதிமன்றம், நன்னடத்தை: முதல் நியமனத்துக்குப் போகும் வழி

எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் வெள்ளிக்கிழமை தோறும் ஒரு வேலை நடக்கும். அன்று வெளியாகும் அரசாங்க வர்த்தமானியின் முதலாம் பகுதியில் இரண்டு (அ) தொகுதியை அச்செடுத்து அறிவித்தல் பலகையில் குத்துவோம். பதவி வெற்றிடங்களும் பரீட்சை அறிவித்தல்களும் வருவது அந்தத் தொகுதியில்தான். தமிழிலும் வரும், இணையத்தில் இலவசமாகவும் கிடைக்கும். இருந்தும், சட்டமும் குற்றவியலும் படிக்கும் பிள்ளைகளில் பலர் அதை ஒரு தடவைகூடத் திறந்து பார்த்ததில்லை. "படிப்பை முடித்துவிட்டேன், இனி எங்கே போய்க் கேட்பது?" என்றுதான் வந்து நிற்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு கசப்பான உண்மை. தனியார் நிறுவனத்தில் காசு கட்டிப் படித்த குற்றவியல் டிப்ளோமா பொலிஸிலோ சிறைச்சாலையிலோ நேரடியாக இடம் வாங்கித் தராது. ஒவ்வொரு பதவிக்கும் ஆட்சேர்ப்புத் திட்டம் ஒன்று உண்டு. அதில் எழுதியிருக்கும் தகைமையைத்தான் பார்ப்பார்கள். கான்ஸ்டபிளுக்கும் சிறைச்சாலைக் காவலருக்கும் அடிப்படை க.பொ.த. சாதாரண தரம். உப பொலிஸ் பரிசோதகருக்கு உயர்தரச் சித்தியும் வேண்டும். நீதிமன்றத்துக்கு வரும் சிறுவர்களின் நிலையைப் பார்த்து அறிக்கை எழுதும் நன்னடத்தை அலுவலர் போன்ற பதவிகளுக்குப் பட்டம் கேட்பார்கள். டிப்ளோமா படிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. காசு கட்டுவதற்கு முன் அந்த நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு செய்யப்பட்டதா, பட்டம் என்றால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அதை ஏற்கிறதா என்று கேளுங்கள். நகை அடகு வைத்துப் பிள்ளையைப் படிப்பித்த ஒரு தாய், அந்தச் சான்றிதழ் எந்த விண்ணப்பத்துக்கும் உதவாது என்று தெரிந்ததும் எங்கள் வாங்கில் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

இனி ஒவ்வொரு வாசலாகப் பார்ப்போம்.

பொலிஸில் சேர முக்கியமாக இரண்டு படிகள் உண்டு: கான்ஸ்டபிள், உப பொலிஸ் பரிசோதகர். ஆண், பெண் இருபாலாரும் விண்ணப்பிக்கலாம். வயது, உயரம், மார்பளவு, கண்பார்வை எல்லாம் அந்தந்த அறிவித்தலில் இருக்கும். பழைய அறிவித்தலை நம்பி உயரம் போதாது என்று ஒதுங்கியவர்களும் உண்டு, போதும் என்று போய்த் திரும்பியவர்களும் உண்டு. புதியதைப் பாருங்கள். எழுத்துப் பரீட்சை, உடற்தகுதி, நேர்முகம், மருத்துவப் பரிசோதனை, பின்னணி விசாரணை என்று பல கட்டங்கள் இருப்பதால் மாதக்கணக்கில் இழுபடும். பொலிஸ் உத்தியோகத்தரை நாட்டின் எந்த மூலைக்கும் இடமாற்றலாம். அதை வீட்டில் முன்கூட்டியே பேசிவிடுங்கள். அழைப்புக் கடிதம் வந்த பிறகு அம்மா அழுது மறிக்கும் வீடுகள் இங்கே நிறைய.

இந்த இடத்தில் சற்று நிற்கிறேன். சில வருடங்களுக்கு முன் என் தகப்பனார் சைக்கிளில் போகும்போது லொறி ஒன்று அடித்துவிட்டது. கால் முறிவோடு ஒரு பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு கொடுத்தார். அன்று கடமையில் இருந்தவருக்குத் தமிழ் ஓரளவுதான் தெரியும். அப்பா அரை மணி நேரம் சொன்னதை அவர் எட்டு வரியில் சிங்களத்தில் எழுதி, கையெழுத்து வாங்கினார். இடப்பக்க ஒழுங்கையிலிருந்து வந்த லொறி, முறைப்பாட்டுப் புத்தகத்தில் வலப்பக்கத்திலிருந்து வந்திருந்தது. எங்களுக்கு அது தெரிந்தது வழக்கு நடக்கும்போதுதான். அந்த ஒரு சொல்லைத் திருத்த ஏழு தவணை போனது. வடக்கிலும் கிழக்கிலும் நிருவாக மொழி தமிழ் என்று அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையே சொல்கிறது. அது நடைமுறைக்கு வர, முறைப்பாட்டு மேசைக்குப் பின்னால் தமிழில் கேட்டுத் தமிழில் எழுதக்கூடிய ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். நம் பிள்ளைகள் விண்ணப்பிக்காத ஒவ்வொரு ஆட்சேர்ப்பும் அந்தக் கதிரையை வெறுமையாக விடுகிறது. பொலிஸ் என்றாலே வேண்டாம் என்று சொல்லும் குடும்பங்களின் காயம் எனக்குத் தெரியும். அந்தக் காயத்தைத் தெரிந்துகொண்டே, விண்ணப்பியுங்கள் என்கிறேன்.

சிறைச்சாலைத் திணைக்களத்தில் ஆரம்பப் பதவி காவலர். ஜெயிலர் பதவிக்குக் கல்வித் தகைமை கூடுதலாகக் கேட்பார்கள். யாழ்ப்பாணச் சிறைச்சாலையிலும் தண்டனை பெற்றவர்களோடு விளக்கமறியல்காரர்களும் இருக்கிறார்கள். காவலரின் நாள் கைதி எண்ணிக்கையில் தொடங்கி எண்ணிக்கையில் முடிகிறது. இடையில் நீதிமன்றத்துக்குக் கூட்டிச் செல்வது, பார்வையாளர் நேரம், சாப்பாட்டு வரிசை, இரவுக் கடமை. உடல் வலுவைவிடப் பொறுமைதான் அங்கே அதிகம் செலவாகும்.

சிறைக்கு வெளியே தண்டனையை நிறைவேற்றும் திணைக்களமும் ஒன்று இருக்கிறது. பலர் அதன் பெயரைக்கூடக் கேள்விப்பட்டதில்லை. சமுதாயஞ்சார் சீர்திருத்தத் திணைக்களம் என்பது அது. 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், சிறு குற்றம் செய்தவரைச் சிறைக்கு அனுப்பாமல், குறித்த மணித்தியாலங்கள் பொது வேலை செய்யுமாறும் ஆலோசனை பெறுமாறும் நீதவான் கட்டளையிடலாம். தண்டப்பணம் கட்ட வழியில்லாத கூலித்தொழிலாளி ஒருவர் சிறைக்குப் போகாமல் பாடசாலை வளவைத் துப்புரவாக்கிவிட்டு மாலையில் வீடு திரும்புவது இந்தச் சட்டத்தால்தான். அந்த வேலையை மேற்பார்வை செய்யவும், வந்தாரா வரவில்லையா என்று நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுக்கவும் அலுவலர்கள் தேவை. குற்றவியல் படித்த பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான மேசை வேறு இல்லை என்பது என் எண்ணம்.

நன்னடத்தை அலுவலர் பதவியும் அதற்குச் சமமாகப் பெறுமதியானது. அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்துக்குப் பிறகு நன்னடத்தையும் சிறுவர் பராமரிப்பும் மாகாணத்தின் கையில் இருப்பதால், இந்த ஆட்சேர்ப்பை வடக்கு மாகாணப் பொதுச்சேவை ஆணைக்குழு செய்கிறது. ஆகவே வெள்ளிக்கிழமை வர்த்தமானியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் போதாது. ஆணைக்குழுவின் இணையத்தளத்தையும் பத்திரிகைகளையும் கவனியுங்கள். ஒரு சிறுவன் களவு வழக்கில் நீதிமன்றத்துக்கு வந்தால், அவன் வீட்டுக்குப் போய்த் தகப்பன் என்ன தொழில், பிள்ளை ஏன் பள்ளிக்கூடம் போகவில்லை, இரவில் எங்கே படுக்கிறான் என்று பார்த்துச் சமூக அறிக்கை எழுதுபவர் நன்னடத்தை அலுவலர். 2018இல் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டு, குற்றப்பொறுப்பின் வயது 8 இலிருந்து 12 ஆக உயர்ந்தது. அந்த வயதைத் தாண்டிய பிள்ளையை வீட்டுக்கு அனுப்புவதா, நீதிமன்றம் அனுப்பும் பிள்ளைகளை வைத்துச் சீர்திருத்தும் அச்சுவேலிச் சான்றுபெற்ற பாடசாலை போன்ற இடத்தில் வைப்பதா என்று நீதவான் யோசிக்கும்போது அவர் கையில் இருப்பது அந்த அறிக்கைதான். பிரதேச செயலகங்களிலும் சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். யாழ் மாவட்டத்தில் பிரதேச செயலகங்கள் 15 என்பதை நினைத்துப் பாருங்கள்.

நீதிமன்றத்துக்குள் சட்டத்தரணியாகத்தான் நுழையலாம் என்பது தவறான எண்ணம். மொழிபெயர்ப்பாளர், சுருக்கெழுத்தாளர், தட்டச்சாளர் போன்ற பதவிகள் நீதிச்சேவை ஆணைக்குழுவின் கீழ் வருகின்றன. யாழ்ப்பாணம், மல்லாகம், சாவகச்சேரி, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை நீதிமன்றங்களில் நடவடிக்கைகள் தமிழில் நடக்கின்றன. ஆனாலும் தமிழ் தெரியாத சாட்சி வருவார், மேன்முறையீட்டுக்கு வழக்கேட்டை மொழிபெயர்க்க வேண்டி வரும். மும்மொழியும் ஓரளவு கைவந்த ஒருவருக்கு இங்கே உள்ள மதிப்பைச் சொல்லி முடியாது. "தள்ளினான்" என்பதற்கும் "தட்டினான்" என்பதற்கும் உள்ள வேறுபாட்டில் ஒரு மனிதனின் விடுதலை தங்கியிருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

சட்டத்தரணியாவதுதான் விருப்பம் என்றால் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகச் சட்டத்துறை, திறந்த பல்கலைக்கழகம், இலங்கைச் சட்டக் கல்லூரி ஆகிய மூன்றும் இருக்கின்றன. சட்டமாணிப் பட்டம் பெற்றவரும் சட்டக் கல்லூரிப் பரீட்சைகளையும் பயிற்சியையும் முடித்தே சத்தியப்பிரமாணம் செய்யலாம். குற்றவியலையே பட்டமாகப் படிக்க ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழகத்தில் தனித்துறை உண்டு.

மதுவரி, சுங்கம் இரண்டையும் மறந்துவிடாதீர்கள். 2019 ஒக்டோபரில் பலாலி விமான நிலையம் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தது. 2023 ஒக்டோபரில் காங்கேசன்துறைக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. இந்த வேலைகள் இன்று நம் வாசலுக்கே வந்துவிட்டன. ஆட்சேர்ப்பு போட்டிப் பரீட்சை மூலம்.

அறிவித்தல் வரும்வரை கைச்செலவுக்கு வேண்டும் என்று பலர் முதலில் போவது தனியார் பாதுகாப்பு நிறுவனங்களுக்கு. வங்கி வாசலிலும் வைத்தியசாலை வாசலிலும் நிற்பவர்களை நாம் செக்கியூரிட்டி என்று ஒரு சொல்லில் கடந்துவிடுகிறோம். அவர்களுக்கும் சட்டம் இருக்கிறது. 1998ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி இந்த நிறுவனங்கள் பாதுகாப்பு அமைச்சின் கீழ்ப் பதிவு செய்திருக்க வேண்டும். சேர்வதற்கு முன் பதிவைக் கேளுங்கள், நியமனக் கடிதத்தை எழுத்தில் வாங்குங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 8 வீதம், முதலாளியின் பங்கு 12 வீதம். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் முழுவதும் முதலாளியே கட்ட வேண்டும், அதை உங்கள் சம்பளத்தில் வெட்டக்கூடாது. சீருடைக்கு, பயிற்சிக்கு என்று முதல் மாதச் சம்பளத்தையே விழுங்கினால் தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு செய்யலாம். பன்னிரண்டு மணி நேரம் நிற்க வைத்து எட்டு மணி நேரச் சம்பளம் கொடுப்பது களவு. வேறு பெயர் அதற்கு எனக்குத் தெரியாது.

இப்போது விண்ணப்பத்துக்கு வருவோம். தகைமை இருந்தும் பிள்ளைகள் விழுவது இங்கேதான். வயதும் கல்வித்தகைமையும் பெரும்பாலும் விண்ணப்ப முடிவுத் திகதியை வைத்தே கணிக்கப்படும். பெறுபேறு அடுத்த வாரம் வரும் என்ற சமாதானம் செல்லாது. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், பரீட்சைச் சான்றிதழில் இன்னொரு பெயர் என்றால் இன்றே திருத்தத் தொடங்குங்கள். இடம்பெயர்ந்த காலத்தில் பதிவான பல பிள்ளைகளுக்கு இந்தச் சிக்கல் இருக்கிறது. சில திருத்தங்களுக்கு மாதங்கள் எடுக்கும். கிராம அலுவலரின் நற்சான்றிதழில் பிரதேச செயலாளரின் மேலொப்பம் வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் பழையதை ஏற்க மறுப்பார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தில் உங்கள் கையெழுத்தை அதிபர் அல்லது சமாதான நீதவான் போன்ற ஒருவர் உறுதிப்படுத்த வேண்டியிருந்தால், அவர் முன்னிலையில் மட்டுமே கையெழுத்திடுங்கள்.

தபாலில் அனுப்பும் விண்ணப்பம் என்றால் பதிவுத் தபால். உறையின் இடப்பக்க மேல் மூலையில் பதவியின் பெயரை அறிவித்தலில் உள்ளபடியே எழுதுங்கள். கடந்த வருடம் ஒரு பிள்ளை எல்லாவற்றையும் சரியாக நிரப்பி அந்த மூலையை மட்டும் வெறுமையாக விட்டுவிட்டாள். தபால் கந்தோர் வாசலில் அதைக் கண்டு, மதிற்சுவரில் உறையை வைத்து அவளே எழுதினாள். பேனா மை அழியாதிருக்க ஊதிக்கொண்டே வரிசையில் நின்றாள்.

பல அறிவித்தல்களின் கடைசியில் ஒரு வரி இருக்கும்: மொழிகளுக்கிடையே வேறுபாடு வந்தால் சிங்களப் பிரசுரமே செல்லும் என்று. ஆகவே வயது, தகைமை, முடிவுத் திகதி ஆகிய மூன்று இடங்களையாவது சிங்களம் தெரிந்த ஒருவரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நியமனம் கிடைத்த பிறகும் குறித்த காலத்துக்குள் இரண்டாம் அரசகரும மொழியில் தேர்ச்சி காட்ட வேண்டும். சிங்களத்தை இன்றே படிக்கத் தொடங்குபவருக்கு அந்தச் சுமை பிறகு இல்லை.

வேலை எடுத்துத் தருகிறேன் என்று காசு கேட்டு வருபவர் யாராக இருந்தாலும் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். கேட்பது குற்றம், கொடுப்பதும் குற்றம். இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் இலக்கம் 1954. நேர்முகம் வரை போய்க் காரணம் தெரியாமல் விடுபட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் உங்கள் புள்ளிகளைக் கேட்கலாம். குறித்த நிறுவனத்தின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதுங்கள். 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவை அறிவிக்க வேண்டும். விண்ணப்பத்தின் பிரதியும் பதிவுத் தபால் பற்றுச்சீட்டும் அப்போது தேவைப்படும். இரண்டையும் ஒரே கோப்பில், ஆட்சேர்ப்பு முடியும்வரை வைத்திருங்கள்.