விசை மாறுகிறது என்று கேள்வியே சொல்கிறது, பிள்ளைகளே

பாளையங்கோட்டையில் இயற்பியல் கற்பிக்கிறவன் நான். நேற்று இரவு பிளஸ் ஒன் விடைத்தாள்களைத் திருத்தி முடித்தபோது கோபத்தைவிட வருத்தமே மிஞ்சியது. ஆண்டுதோறும் பார்க்கும் அதே பிழை, இந்த முறை வகுப்பின் முதல் மாணவியின் தாளிலும் இருந்தது.

கேள்வி இதுதான். வழவழப்பான தளத்தில் 2.5 கிலோகிராம் பொருள் ஓய்வில் இருக்கிறது. அதன்மீது செயல்படும் விசை தொடக்கத்தில் 10 நியூட்டன். பொருள் நகர நகர அது சீராகக் குறைந்து, 4 மீட்டரில் சுழியாகிறது. அங்கே பொருளின் வேகம் என்ன?

பத்தை 2.5 ஆல் வகுத்து முடுக்கம் 4 என்கிறார்கள். உடனே காலம் வராத அந்த இயக்கச் சமன்பாட்டில் (v² = u² + 2as) அதைப் போட்டு, விநாடிக்கு 5.66 மீட்டர் என்று அடிக்கோடிட்டு முடிக்கிறார்கள். அந்தச் சமன்பாடு முடுக்கம் மாறாதபோது மட்டுமே செல்லும். இங்கே முடுக்கம் 4 என்பது புறப்படும் கணத்துக்கு மட்டும் உண்மை. இரண்டாவது மீட்டரில் அது 2 ஆகிவிட்டது, நான்காவதில் ஒன்றுமே இல்லை. இன்னும் சிலர் கடைசியில் விசை சுழி என்பதால் வேலையும் சுழி என்று எழுதியிருக்கிறார்கள். அப்படியானால் அந்தப் பொருள் நாலு மீட்டர் எப்படி வந்தது?

விசை–இடப்பெயர்ச்சி வரைபடத்தை வரையுங்கள். ஒரு முக்கோணம் கிடைக்கும். அதன் பரப்புதான் விசை செய்த வேலை: 20 ஜூல். அதுவே இயக்க ஆற்றலாகிறது. வேகம் விநாடிக்கு 4 மீட்டர். இரண்டு வரிகளில் வேலை முடிந்தது.

ராதாபுரம் பக்கத்திலிருந்து வரும் பிள்ளைகளுக்கு நான் கிணற்றைச் சொல்வேன். இருபது மீட்டர் ஆழம், நீரோடு வாளி 10 கிலோ, கயிறு மீட்டருக்கு அரைக் கிலோ என்று வையுங்கள். முதல் இழுப்பில் கால் இரண்டையும் ஊன்றி, உடம்பைப் பின்னால் சாய்த்து இழுக்கிறோம்; கிலோவுக்குப் பத்து நியூட்டன் எடை என்று கொண்டால் கையில் 200 நியூட்டன். வாளி மேலே வர வர, தொங்கும் கயிறு குறைகிறது. கைப்பிடிச் சுவரருகே வரும்போது 100 நியூட்டன்தான். ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டே மறுகையால் வாளியை எட்டிப் பிடித்துவிடலாம். இருநூறை இருபதால் பெருக்கி 4000 ஜூல் என்று எழுதுகிறவர், கயிறு முழுவதும் கடைசிவரை கிணற்றுக்குள்ளேயே தொங்குகிறது என்கிறார். உண்மையில் ஆகும் வேலை 3000 ஜூல். தண்ணீர் இறைத்த கைக்கு இது தெரியும். பேனா பிடித்ததும் எப்படி மறந்துபோகிறது?

குற்றம் பிள்ளைகளுடையது மட்டுமல்ல. கீழ்வகுப்பில் ‘வேலை என்பது விசை பெருக்கல் இடப்பெயர்ச்சி’ என்று மனப்பாடம் செய்யவைக்கும் நாம், ‘விசை மாறாதபோது’ என்ற இரண்டு சொற்களை விழுங்கிவிடுகிறோம். சக ஆசிரியர்களே, அந்த இரண்டு சொற்களையும் பலகையில் எழுதுங்கள்.

இன்னொரு வலை, சராசரி. தொடக்க விசையையும் இறுதி விசையையும் கூட்டி இரண்டால் வகுப்பது, வரைபடம் நேர்கோடாக இருந்தால்தான் சரி. விசை இடப்பெயர்ச்சியின் வர்க்கத்தைப் போல மூன்று மடங்கு என்று கொடுத்தால், சுழியிலிருந்து 2 மீட்டர் வரை அந்தச் சராசரி 12 ஜூல் காட்டும். தொகையிட்டால், அதாவது வளைகோட்டின் கீழுள்ள பரப்பைச் சரியாகக் கணக்கிட்டால், 8 ஜூல்தான். காலத்தைக் கொண்டு எடுத்த சராசரியையும் தூரத்தோடு பெருக்காதீர்கள். அது காலத்தோடு பெருக்கி உந்த மாற்றத்தைக் காண்பதற்கு உரியது.

கேள்வியில் ‘குறைகிறது’, ‘சுருள்வில்’, ‘இடப்பெயர்ச்சியைச் சார்ந்த’ என்று எது கண்ணில் பட்டாலும் பேனாவைக் கீழே வையுங்கள். முதலில் வரைபடம், பிறகு பரப்பு. நேர்கோடு இல்லையென்றால் தொகையிடுங்கள். அச்சுக்குக் கீழே இறங்கும் பரப்பு எதிர்க்குறி வேலை. அதைக் கழிக்க வேண்டும். உராய்வு இருந்தால் அதன் வேலையையும் சேர்த்த பிறகே இயக்க ஆற்றலுக்குச் சமன்படுத்துங்கள், ஏனென்றால் வேலை–இயக்க ஆற்றல் தேற்றம் கேட்பது மொத்த விசைகளின் வேலையை.

அந்த மாணவியை இன்று அழைத்து வரைபடத்தை மட்டும் வரையச் சொன்னேன். முக்கோணத்தின் கடைசிப் பக்கத்தைப் போடும்போதே, முந்தைய விடையைத் தானாக அடித்துவிட்டாள்.